மழையில் விரைவுச்சாலையில் சேர்வது: வளைவிலேயே தொடங்கிவிட்ட ஒரு விபத்து

இந்த நிகழ்வில் யாரும் வேகமாக ஓட்டவில்லை. நான்கு வண்டிகள். நான்கு பேருமே மழைக்காக வேகத்தைக் குறைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு கார் சுழன்று போய் நடுத்தடுப்பில் மோதி நின்றது. ஓட்டியவருக்கு மணிக்கட்டில் அடி, கழுத்தில் பிடிப்பு. மோதலுக்குக் காரணமான காரில் ஒரு கீறல்கூட இல்லை. இதை எடுத்து அலச நினைத்ததே அதனால்தான். “மழை பெய்யுது, மெதுவாப் போ” என்று கேட்டுக் கேட்டே ஓட்டப் பழகியவர்கள் நாம். நல்ல அறிவுரைதான். ஆனால் விரைவுச்சாலையில் சேரும் அந்தச் சில நூறு மீட்டரில் அது மட்டும் போதாது. அங்கே மற்றவர்களைவிட மிக மெதுவாகப் போவதே ஆபத்தாகிவிடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஏதோ ஒரு விபத்தின் அறிக்கை இல்லை. மழை நேரத்தில் சேரும் இடங்களில் திரும்பத் திரும்ப நடக்கிற தவறுகளை ஒரே வரிசையில் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு. வேகங்களும் தூரங்களும் அலசலுக்காக நான் வைத்துக்கொண்டவை. அவற்றிலிருந்து வரும் கணக்கு மட்டும் இயற்பியல். யார் வேண்டுமானாலும் போட்டுச் சரிபார்க்கலாம்.

நடந்தது

மாலை மங்கி இருட்டும் நேரம். பல நாள் வெயிலுக்குப் பிறகு மழை பிடித்துக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. விரைவுச்சாலையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடங்கள். ஏறும் பாதை ஒரு இறுக்கமான வளைவு. அதில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாது. வளைவு முடிந்ததும் 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு சேரும் தடம் விரைவுச்சாலையை ஒட்டியே ஓடுகிறது. அதன் முடிவில் ஒரு பாலம். பாலத்தில் ஒதுங்கி நிற்க ஓரம் கிடையாது, நேராகத் தடுப்புச் சுவர்தான்.

முதலில் வளைவுக்குள் வருவது ஒரு வெள்ளைக் கார். அதற்கு 15 மீட்டர் பின்னால் சிவப்புக் கார். இந்த அலசலின் மையம் சிவப்புக் கார்தான். தம்பி ஓட்டுகிறார், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். விரைவுச்சாலையின் ஓரத் தடத்தில் ஒரு லாரி 80 வேகத்தில் வருகிறது. லாரிக்கு 50 மீட்டர் பின்னால், அது கிளப்பும் நீர்ப்புகைக்குள், ஒரு நீலக் கார் 85 வேகத்தில் வருகிறது.

வெள்ளைக் காரை ஓட்டியவருக்கு மழை பயம். சேரும் தடத்துக்குள் 45 வேகத்தில் நுழைந்தவர் அதே வேகத்தில் போகிறார். பின்னால் ஒட்டி வந்த சிவப்புக் காரும் 45 இல்தான் போக முடிகிறது. தம்பி கண்ணாடியைப் பார்க்கிறார். துளி படிந்த கண்ணாடியில் ஒரு பெரிய வெளிச்சம் மட்டும் தெரிகிறது. தலையைத் திருப்பிப் பார்க்கிறார். லாரி. சரி, லாரி போகட்டும், பின்னாடியே ஏறிவிடலாம் என்று முடிவு செய்கிறார். முடிவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. லாரி தாண்டும்வரை தலை பின்பக்கமே திரும்பியிருந்ததுதான் சிக்கல். முன்னால் வெள்ளைக் கார் தடம் முடிவதைப் பார்த்து பிரேக் போட்டு நிற்கத் தொடங்கியிருந்தது.

தம்பி முன்னே திரும்பும்போது சிவப்பு பிரேக் விளக்குகள் மிக அருகில். அழுத்தி மிதிக்கிறார். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கடகடவென்று துடிக்கிறது. வேகம் 20க்கு இறங்குகிறது. அதே கணத்தில் லாரி பக்கவாட்டில் கடந்துபோகிறது, முன்கண்ணாடி முழுவதும் தண்ணீர்.

“லாரி போயிருச்சுடா, ஏறு ஏறு!”

அண்ணன் சொன்னது பொய்யில்லை. லாரி போய்விட்டது. சிவப்புக் கார் 20 வேகத்தில் விரைவுச்சாலைக்குள் ஒடித்து ஏறுகிறது. நீலக் கார் புகையிலிருந்து வெளியே வரும்போது 50 மீட்டரில், ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கும் ஒரு கார். பிரேக், ஸ்டியரிங் இரண்டும் ஒன்றாக. இரண்டாம் தடத்துக்குப் பாய்ந்து, பின்பக்கம் வழுக்கி, சுழன்று, நடுத்தடுப்பில் இடிக்கிறது.

50 மீட்டர் இருந்தது, 69 மீட்டர் வேண்டும்

நீலக் காருக்கு என்ன வாய்ப்பு இருந்தது என்று முதலில் பார்ப்போம். 85க்கும் 20க்கும் வித்தியாசம் 65 கிலோமீட்டர் வேகம். அதாவது ஒவ்வொரு விநாடியும் இரண்டு கார்களுக்கும் நடுவே உள்ள தூரம் 18 மீட்டர் குறைகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். எதிர்பாராத ஆபத்துக்கு இது ஒன்றும் தாராளமான கணக்கில்லை. அதிலேயே 27 மீட்டர் போய்விடுகிறது. அதன்பின் பிரேக். காய்ந்த சாலையில் டயரின் பிடிப்புக் குணகம், அதாவது டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண், 0.7, 0.8 என்று இருக்கும். தூசியும் எண்ணெயும் மிதக்கும் ஈரச் சாலையில், ஓரளவு தேய்ந்த டயருக்கு 0.4 என்று எடுக்கலாம். அந்தப் பிடிப்பில் 65 வேக வித்தியாசத்தை அழிக்க 41 மீட்டருக்கு மேல் வேண்டும். இரண்டையும் கூட்டினால் சுமார் 69 மீட்டர். இருந்ததோ 50. மிதித்தே தீர்ந்திருக்க முடியாது, ஒடித்துத்தான் ஆகவேண்டும். ஈரத்தில் முழு பிரேக்கோடு ஒடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நடுத்தடுப்பில் விழுந்த பள்ளமே சாட்சி.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். சிவப்புக் கார் அதே இடத்தில், அதே தவறான கணத்தில் ஏறுகிறது. ஆனால் 20 இல் இல்லை, 70 இல். வித்தியாசம் 15 கிலோமீட்டர்தான். எதிர்வினை நேரத்தில் போவது 6 மீட்டர் சொச்சம், பிரேக்குக்கு 2 மீட்டர் சொச்சம். மொத்தம் 9 மீட்டர்கூட வேண்டாம். 69 எங்கே, 9 எங்கே! நீலக் காரை ஓட்டியவர் கொஞ்சம் எரிச்சலோடு காலைத் தூக்கியிருப்பார், அவ்வளவுதான். இப்படி ஒன்று நடந்ததே யாருக்கும் நினைவிருக்காது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். சேரும் இடத்தில் வண்டியைக் காப்பாற்றுவதோ கவிழ்ப்பதோ வேகம் இல்லை, வேக வித்தியாசம். மழை அந்த வித்தியாசத்தின் விலையை ஏற்றிவிடுகிறது, ஏனென்றால் பின்னால் வருபவரால் அதைச் சீக்கிரமாக அழிக்க முடிவதில்லை.

அப்படியானால் மழையிலும் 100 வேகத்தில் பாய்ந்து ஏறவேண்டுமா? வேண்டாம். விரைவுச்சாலையில் போகிறவர்களே மழையில் இறங்கித்தான் வருவார்கள். பிரான்ஸில் 130 என்ற உச்ச வேகம் மழை பெய்தால் சட்டப்படியே 110 ஆகிறது. சட்டம் சொல்லாத இடத்திலும் நல்ல மழையில் போக்குவரத்து தானாக 80, 85 என்று தணியும். அந்த வேகத்தோடு பொருந்தினால் போதும். பலகையில் எழுதியிருக்கும் உச்ச வேகத்தோடு பொருந்தத் தேவையில்லை. எந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை வளைவிலிருந்தே, தெரிகிற அளவுக்கு, விரைவுச்சாலைப் பக்கம் எட்டிப் பார்த்துக் கணித்துக்கொள்ளவேண்டும்.

தப்பு வளைவிலேயே நடந்துவிட்டது

சிவப்புக் கார் எங்கே தவறியது என்று கேட்டால் பெரும்பாலோர் அந்தக் கடைசி ஒடிப்பைக் காட்டுவார்கள். சிலர் தலையைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தைச் சொல்வார்கள். என் கணிப்பில் இரண்டும் பின்விளைவுகள். முதல் தவறு, விரைவுச்சாலை கண்ணில் படுவதற்கு முன்பே, வளைவில் வெள்ளைக் காரோடு 15 மீட்டரில் ஒட்டிக்கொண்டது.

சேரும் தடம் எதற்காக இருக்கிறது? ஓடி வேகமெடுக்க. 40 இலிருந்து 80க்கு வர, ஈரத்தில் டயர் வழுக்காத மிதமான முடுக்கத்தில், ஏழரை விநாடியும் ஏறக்குறைய 123 மீட்டரும் ஆகும். 250 மீட்டர் தடத்தில் பாதிக்குள் வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி இடைவெளி தேட. ஆனால் 15 மீட்டர் முன்னால் ஒருவர் 45 இல் போய்க்கொண்டிருந்தால் அந்த 250 மீட்டரும் உங்களுக்கு இல்லை. அவருடைய பயம் உங்கள் வேகமாகிவிடும். அவர் நின்றால் நீங்களும் நிற்கவேண்டும்.

வளைவிலேயே ஆறு விநாடி பின்தங்கியிருந்தால்? 40 வேகத்தில் ஆறு விநாடி என்பது 67 மீட்டர். வெள்ளைக் கார் தடத்துக்குள் 70, 75 மீட்டர் போன பிறகு சிவப்புக் கார் நுழைகிறது. நுழைந்ததும் முடுக்கினால், 80 வேகத்தைத் தொடும்போது வெள்ளைக் கார் இன்னும் 40 மீட்டருக்கு மேல் முன்னால் இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இடம் இருந்தால் ஏறலாம். இல்லையென்றால் காலை எடுத்து, நிதானமாக பிரேக் போட்டு, வெள்ளைக் காரின் வேகத்துக்கு வர அந்தத் தூரம் போதும். இரண்டு வழியும் திறந்திருக்கிறது. 15 மீட்டரில் ஒட்டியவருக்கு ஒரு வழியும் இல்லை.

பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். வளைவில் இப்படி இடம் விட்டால் அடிக்கத்தான் செய்வார்கள். அடிக்கட்டும். வளைவில் 40 வேகத்தில் போகும்போது பின்னால் இருப்பவரின் பொறுமையின்மை உங்களை ஒன்றும் செய்யாது. விட்ட இடைவெளியோ சேரும் தடத்தில் உங்களுக்கான ஓடுபாதையாகிறது.

இன்னொரு விஷயம் வெள்ளைக் காரைப் பற்றியது. முன்னால் போகிறவர் தடம் தொடங்கியும் வேகமெடுக்கவில்லை என்றால், அவர் அங்கே நிற்கப்போகிறார் என்று அப்போதே எடுத்துக்கொள்ளவேண்டும். முதல் 50 மீட்டரிலேயே இது தெரிந்துவிடும். காத்திருந்து பார்க்கத் தேவையில்லை.

டயருக்கு அடியில்

முடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். எங்கே முடுக்குவது என்பதிலும் மழையில் கவனம் வேண்டும்.

டயரின் பிடிப்பு ஒரே கணக்குதான். வளையவும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும், முடுக்கவும் பிரேக் போடவும் அதிலிருந்துதான். இறுக்கமான வளைவில் ஏற்கெனவே பெரும்பகுதி செலவாகிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், முன்சக்கர இழுவை வண்டி வளையாமல் நேராக வெளியே தள்ளும். பின்சக்கர இழுவை வண்டி வால் வீசும். ஸ்டியரிங் நேராகும்வரை பொறுத்து, அப்புறம் அழுத்துவதுதான் சரி. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒருபடி கவனமாக இருக்கலாம். முறுக்குவிசை உடனே வந்துவிடும். காலைச் சட்டென்று எடுத்தாலும் மோட்டார் பிடித்திழுத்து பிரேக் போட்ட மாதிரி ஆகும். வழுக்கும் வளைவில் இரண்டுமே மென்மையாகத்தான் வேண்டும்.

நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழை தனி ரகம். சாலையில் படிந்த எண்ணெய், தூசு, ரப்பர் துகள் எல்லாம் தண்ணீரோடு குழைந்து ஒரு வழுக்குப் படலமாகிறது. நன்றாகப் பெய்து கழுவிய பிறகு பிடிப்பு ஓரளவு திரும்பும். நம் நிகழ்வில் கால்மணி நேரம்தான் ஆகியிருந்தது. சாலையின் மோசமான நேரம் அது.

பிறகு தண்ணீரில் டயர் மிதப்பது. 1963 இல் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு தொடர்பைக் கண்டார்கள். டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) எடுத்து, அதன் வர்க்கமூலத்தை சுமார் 16.7 ஆல் பெருக்கினால், தேங்கிய தண்ணீரில் டயர் தரையைவிட்டு எழும்பும் வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும். 32 பிஎஸ்ஐ இருந்தால் சுமார் 94. காற்று இறங்கி 25 ஆகிவிட்டால் சுமார் 83. கார் டயரில் வெட்டுப் பள்ளங்களின் ஆழம், டயரின் அகலம், தண்ணீரின் ஆழம் எல்லாம் சேர்ந்து இந்த எண்ணை மாற்றும் என்பதால் இதை அப்படியே நம்பி ஓட்ட முடியாது. ஆனால் காற்று குறைந்தால் மிதக்கும் வேகமும் குறையும் என்பது நேரடியாகத் தெரிகிறது. நாம் மழையில் விரைவுச்சாலையில் சேரும் வேகமும் அந்த 83க்குப் பக்கத்தில்தான் வருகிறது! பல நாடுகள் டயர்ப் பள்ளத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். அது சட்டத்துக்குப் போதும், தேங்கிய தண்ணீருக்குப் போதாது.

சேரும் தடத்துக்கும் விரைவுச்சாலைக்கும் நடுவே உள்ள விளிம்பில் தண்ணீர் தேங்குவது சகஜம். அங்கேதான் பட்டையான வெள்ளைக் கோடுகளும் இருக்கும். ஈரத்தில் பெயின்ட் தார்ச்சாலையைவிட வழுக்கும். ஆகவே அந்த விளிம்பைக் கடக்கும்போது முழு முடுக்கத்தில் இருக்கக்கூடாது. வேகத்தை முன்பே எட்டிவிட்டு, காலைச் சமநிலையில் வைத்து, ஸ்டியரிங்கை மெல்லச் சாய்த்து, நீளமான கோணத்தில் கடக்கவேண்டும். இரு சக்கர வண்டியில் வருபவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். மழையில், வேகத்தைத் தானாகவே பிடித்துவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுவதும் நல்லது. சக்கரம் மிதக்கும் கணத்தில் காலே முடிவெடுக்கவேண்டும்.

எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது நீர்ப்புகை. லாரியின் சக்கரங்கள் கிளப்பும் தண்ணீர் பின்னால் நீண்டு தொங்குகிறது. அதற்குள் வரும் வண்டி, சேரும் தடத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. லாரி, பிறகு சாம்பல் நிறம், பிறகு எதுவுமில்லை. அண்ணனும் அதைத்தான் பார்த்தார், தம்பியும் அதைத்தான் பார்த்தார். இரண்டு பேர் பார்த்ததால் இரண்டு மடங்கு உறுதி என்று தம்பிக்குத் தோன்றியிருக்கும். ஆனால் இருவர் கண்ணையும் மறைத்தது ஒரே திரை.

மழையில் ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் ஒரு வண்டி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளவேண்டும். இல்லை என்று கண்ணால் உறுதியாகும்வரை அது இருக்கிறது. லாரி கடந்த பிறகு புகை கலைய ஒன்றிரண்டு விநாடி ஆகும். நீங்கள் ஓட்டத்தின் வேகத்தில் இருந்தால் அந்த ஒன்றிரண்டு விநாடி உங்களிடம் இருக்கும். 20 வேகத்தில், முன்னால் நிற்கும் காரில் இடிக்கப்போகும் நிலையில் இருந்தால் இருக்காது.

பக்கத்தில் இருப்பவர் உதவலாமா? உதவலாம். “ஏறு” என்று சொல்லக்கூடாது, பார்ப்பதைச் சொல்லலாம். “முன்கார் பிரேக் போடுது” என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்பியின் தலை முன்னே திரும்பியிருக்கும். முடிவு ஓட்டுபவருடையதாகவே இருக்கட்டும், தகவலை மட்டும் பக்கத்தில் இருப்பவர் கொடுக்கட்டும்.

தலையைத் திருப்பிப் பார்ப்பது அவசியம், ஆனால் துண்டு துண்டாக. 80 வேகத்தில் ஒரு விநாடி என்பது 22 மீட்டர். ஒரு பார்வை பின்னே, ஒரு பார்வை முன்னே, மறுபடி பின்னே. பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் குவிந்தது என்பதால் பின்னால் வருவதை உண்மையைவிடத் தள்ளிக் காட்டும். மழைத் துளிகள் அதையும் கலைத்துவிடும். வளைவுக்கு வருவதற்கு முன்பே பக்கக் கண்ணாடிக் கதவை ஒருமுறை இறக்கி ஏற்றினால் ஒட்டியிருக்கும் துளிகள் வழிந்துவிடும். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால், அதைப் போக்க ஏசியும் டிஃபாகரும் வேலை செய்ய ஒரு நிமிடமாவது வேண்டும். சேரும் தடத்தில் அதற்கு நேரமில்லை. வைப்பரை லாரி கடப்பதற்கு முன்பே வேகமாக்கிவிடவேண்டும், தண்ணீர் அறைந்த பிறகு இல்லை.

அடுத்தது நம்மை மற்றவர் பார்ப்பது. பல கார்களில் பகல்நேர விளக்கு முன்னால் மட்டும் எரியும், பின்னால் இருட்டாகவே இருக்கும். தானியங்கி ஹெட்லைட் வெளிச்சக் குறைவைத்தான் கவனிக்கும், எல்லாக் கார்களிலும் மழையைக் கவனிக்காது. டாஷ்போர்டு ஒளிர்வதை வைத்து விளக்கு எரிகிறது என்று நம்பிவிடுகிறோம். மழை என்றால் கையாலேயே ஹெட்லைட்டைப் போட்டுவிடுவது நல்லது.

ஹசார்ட் விளக்கைப் பற்றி இங்கே கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மழை வந்ததும் நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டு ஓட்டுகிறவர்கள் ஏராளம். பெரும்பாலான வண்டிகளில் ஹசார்ட் எரியும்போது இண்டிகேட்டர் போட்டாலும் வெளியே தெரியாது. சேரும் இடத்தில் உங்களிடம் இருக்கும் ஒரே மொழி இண்டிகேட்டர்தான். ஹசார்டைப் போட்டுக்கொண்டு சேர்பவர், வாயைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைகிறார். ஹசார்டை அணைத்து, சேரும் தடம் தொடங்கியதுமே இண்டிகேட்டரைப் போட்டால், விரைவுச்சாலையில் வருபவருக்கு வழிவிடவோ காலைத் தூக்கவோ சில விநாடிகள் கிடைக்கும். வழிவிடுவது அவருடைய பெருந்தன்மை. உரிமை அவருக்குத்தான் என்பதை மறக்கக்கூடாது.

தடம் முடியப்போகிறது, இடம் கிடைக்கவில்லை

கடைசியில் நிற்பது ஏன் அவ்வளவு மோசம் என்று கணக்காகவே பார்ப்போம். நின்ற இடத்திலிருந்து 80 வேகத்தைத் தொட, அதே மிதமான முடுக்கத்தில், ஏறக்குறைய 15 விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் 165 மீட்டர் போயிருப்பீர்கள். 80 இல் வரும் வண்டி 330 மீட்டர் வந்திருக்கும். அது பிரேக்கைத் தொடாமல் இருக்கவேண்டுமானால் நீங்கள் கிளம்பும் கணத்தில் 165 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். அதுவும் வந்து உரசும் கணக்கு. இரண்டு விநாடி இடைவெளி மிஞ்சவேண்டும் என்றால் 210 மீட்டர். கனமழையில், இருட்டில், 210 மீட்டர் தெளிவாகத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. அதாவது தடத்தின் முடிவில் நின்றுவிட்டவர், தனக்குத் தேவையான இடைவெளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கக்கூட முடியாத நிலையில் இருக்கிறார். அங்கிருந்து கிளம்புவது நம்பிக்கையின் பேரில்தான்.

அதனால் வேகத்தைக் குறைக்கவேண்டி வந்தால் முன்பே குறைக்கவேண்டும். தடத்தின் முதல் பாதியிலேயே இடைவெளி அமையாது என்று தெரிந்துவிட்டால், அங்கேயே தணிந்து, முன்னால் ஓடுபாதையை மிச்சம் வைத்துக்கொண்டு அடுத்த இடைவெளிக்குக் காத்திருக்கலாம். பின்னால் வருபவர் கவனிக்கிறாரா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, பிரேக் விளக்கு தெரியும்படி, படிப்படியாக. முழுதாக நிற்காமல் ஊர்ந்துகொண்டிருப்பதும் உதவும்.

தடத்துக்குப் பின் அகலமான ஓரம் இருக்கும் இடங்களில், திடீரென்று உள்ளே ஒடிப்பதைவிட நேராக ஓரத்திலேயே தொடர்ந்து போய் மெல்ல நின்றுவிடுவது மேல். ஓரத்தில் ஓட்டுவது விதிப்படி சரியில்லைதான். உயிர் தப்பும் வழியாக மட்டும் அது இருக்கட்டும். நம் நிகழ்வில் பாலம் இருந்ததால் அதுவும் இல்லை. அப்படியானால் சிவப்புக் கார் என்ன செய்திருக்கலாம்? அந்தக் கடைசிக் கணத்தில் வெள்ளைக் காருக்குப் பின்னாலேயே பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தி நின்றிருக்கலாம். 20 இலிருந்து நிற்க, 0.4 பிடிப்பிலும், 4 மீட்டர் போதும். இடித்தாலும் பம்பர்தான் போயிருக்கும். விரைவுச்சாலைக்குள் 65 வேக வித்தியாசத்தைத் திணிப்பதைவிட அது எவ்வளவோ மலிவு.

மூடுபனியும் உறைபனியும்

இவற்றைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன், அடிப்படை அதேதான். மூடுபனியில் பார்வை இன்னும் சுருங்குவதால் இடைவெளியைத் தேர்ந்தெடுப்பது அரிது. வேகத்தைப் பற்றிய நம் உணர்வும் கலைகிறது. சீரான மங்கலில் ஓட்டுபவர்கள் நினைப்பதைவிட வேகமாகப் போகிறார்கள் என்று 1998 இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு ஆய்வு வந்தது. உண்மையான மூடுபனியில் தூரத்துக்கேற்ப மங்கல் கூடுவதால் மெதுவாகவே போகிறார்கள் என்று 2012 இல் இன்னொரு ஆய்வு வந்தது. எப்படியானாலும் உடம்பின் கணிப்பை விட்டுவிட்டு வேகமானியைப் பார்ப்பதே வழி. ஜெர்மனியில் பார்வை 50 மீட்டருக்குக் கீழே போனால் 50 வேகத்துக்கு மேல் போகக்கூடாது, பின் மூடுபனி விளக்கும் அப்போதுதான் போடலாம். உறைபனியில் நிற்கும் தூரம் பத்து மடங்குவரை போகலாம் என்று பிரிட்டனின் சாலை விதி நூலான ஹைவே கோடு எச்சரிக்கிறது. அங்கே முடுக்கமும் அதே அளவுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதால், ஏறாமல் அடுத்த வழியைத் தேடுவது பல நேரம் சரியான முடிவு.

நீலக் கார்

நீலக் காரை ஓட்டியவரைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் பார்த்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 85 வேகத்தில் 50 மீட்டர் என்பது இரண்டு விநாடி இடைவெளி. காய்ந்த சாலைக்கு அது போதும். ஈரத்தில் அதை இரட்டிப்பாக்கவேண்டும், நான்கு விநாடி, அதாவது 94 மீட்டர். அவர் லாரியின் புகைக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் எதுவும் தெரியாது, பக்கத்துச் சேரும் தடத்தில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு கார்கள் 45 இல் தவிப்பதும் தெரியாது. அவரையும் யாருக்கும் தெரியாது.

சேரும் இடம் வருகிறது என்று பலகை முன்பே சொல்லியிருக்கும். அதைப் பார்த்ததும் இரண்டாம் தடம் காலியா என்று பார்த்து மாறியிருக்கலாம். மாற முடியாவிட்டால் காலைத் தூக்கி லாரியை விலகவிட்டிருக்கலாம். 94 மீட்டர் பின்னால் இருந்திருந்தால், சிவப்புக் கார் அத்தனை தவறுகளையும் அப்படியே செய்து 20 வேகத்தில் குறுக்கே வந்திருந்தாலும், அவருக்குத் தேவைப்பட்ட 69 மீட்டருக்கு மேல் இன்னும் 25 மீட்டர் மிச்சம் இருந்திருக்கும். ஸ்டியரிங்கைத் தொடாமலே, தன் தடத்திலேயே பிரேக் போட்டு, சிவப்புக் காருக்குப் பின்னால் வந்து சேர்ந்திருப்பார்.